மறைத்து வைத்த நாட்கள்

அக்கா,

இன்று காலை பிளானிங் அறைக்கு எதிர்ச் சுவரைப் பெயிண்டர் சுரண்டிக்கொண்டிருந்தார். செலோடேப் பசை. தகடு போன்ற கத்தியை வைத்து இழுக்க இழுக்க, பழுப்பு நிறத்தில் சுருள் சுருளாக உதிர்ந்தது. "எத்தன வருசமுங்க சார் இதுலயே ஒட்டுனீங்க? வந்துட்டே இருக்குது" என்றார். ஆறு வருடம் இருக்கும் என்றேன். மத்தியானத்துக்குள் பிரைமர் அடித்துவிட்டார். அந்த வாசனையில் எனக்குத் தலை கனத்தது. நாளைக்கு அந்த இடத்தில் பெரிய திரை ஒன்று மாட்டப் போகிறார்கள். இனிமேல் தாள் ஒட்டுகிற வேலை கிடையாது.

வேலை எதுவும் ஓடவில்லை. உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போதுதான் எழுத முடிகிறது என்றால், அதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை.

நான் இந்தக் கம்பெனிக்கு வந்த முதல் வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தெற்கத்திப் பேச்சு, கையில் லேப்டாப், பிளானிங் மேனேஜர் என்று ஒரு பெயர். நீங்கள் பத்தொன்பது வயதில் செக்கிங் மேசையில் சேர்ந்து, சூப்பர்வைசராகி, நூற்றிருபது மெஷின் இருக்கும் தையல் தளத்துக்குப் பொறுப்பாளராக இருந்தீர்கள். நான் ஒரு ஆர்டருக்கான கேன்ட் சார்ட்டைத் தாளில் அச்செடுத்து உங்களிடம் நீட்டினேன். இடது பக்கம் நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பேக்கிங் என்று வேலைகளின் பெயர். மேலே வரிசையாகத் தேதிகள். ஒவ்வொரு வேலைக்கும் அது தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரைக்கும் ஒரு வண்ணப் பட்டை.

"இதென்னங்க சார், கலர் கலராக் கோடு போட்டு வெச்சிருக்கறீங்க?" என்றீர்கள். விளக்கினேன். ஒரு பட்டை முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும், ஒன்று தள்ளினால் எல்லாம் தள்ளும் என்று. தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். டீ நேரம் முடிவதற்குள் திரும்பி வந்தீர்கள்.

"துணி வர்ற அன்னிக்கே கட்டிங் போட்டிருக்கறீங்க. அப்பிடி வெட்டுனாச் சுருங்கிப் போயிருமுங்க. ரோலப் பிரிச்சு ஒரு நாள் சும்மா போட்டு வெக்கோணும். அந்த ஒரு நாளுக்கு இதுல கோடே இல்லீங்களே?"

நான் ஒரு நாள் சேர்த்தேன். அடுத்த வாரத்திலிருந்து நான் உங்களுக்கு 'சார்' இல்லை, 'தம்பி'. "ஏனுங்க தம்பி, இன்னிக்குக் கலர் பேப்பர் வந்துருச்சுங்களா?" என்று நீங்கள் கேட்டுக்கொண்டு வருவது என் காலை நேரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. என் லேப்டாப்பில் ஒவ்வொரு ஆர்டருக்கும் இரண்டு ஃபைல்கள். ஒன்றில் சரக்கு உண்மையாகக் கிளம்ப வேண்டிய தேதி. மற்றொன்று தளத்துக்குக் காட்டுவது. அதில் எட்டு நாள் முன்னதாகவே தேதி முடிந்துவிடும். முந்தைய கம்பெனியில் எனக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். பத்து நாள் கொடுத்தால் பன்னிரண்டு நாள் எடுப்பார்கள், அதனால் ஏழு நாளாகச் சொல், மீதியை நீ வைத்துக்கொள். எல்லா ஊரிலும் எல்லாரும் செய்வதுதான். அதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தக் குழந்தைகள் இரவு உடுப்பு ஆர்டர் வந்தது. மஞ்சள் துணியில் சின்னச் சின்ன மேகம். டையிங்கில் மஞ்சள் இரண்டு தடவை தப்பி, நிறம் ஒத்து வரவே பல நாள் போய்விட்டது. தையல் தொடங்கும்போது தளத்துக்கான தாளில் மிஞ்சியிருந்தது பன்னிரண்டே நாள்.

அன்று உங்கள் மேசைக்கு முன்னால் செல்வி வந்து நின்றாள். கழுத்துப் பட்டி வைக்கிறவள். அவள் கை வேகத்துக்கு அந்த லைனில் இன்னொரு ஆள் கிடையாது என்று நீங்களே பல முறை சொல்லியிருக்கிறீர்கள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, எங்கம்மா உளுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சுங்க. தாராபுரத்துல ஆசுபத்திரியில சேத்தியிருக்குது. கூட இருக்க ஆளில்லீங்க. ஒரு பத்து நாள் போயிட்டு வந்தர்றேனுங்க."

நீங்கள் தாளை எடுத்து விரித்து, விரலால் தையல் பட்டையை ஓரம் வரைக்கும் தடவிப் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"தம்பி, இதுல எங்கியாச்சும் எடம் இருக்குதுங்களா?"

நானும் தாளைப் பார்த்தேன். பார்ப்பது போல் செய்தேன்.

"இல்லக்கா. ஒரு நாள் கூட இல்ல."

நீங்கள் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "கண்ணு, இன்னும் பன்னெண்டு நாளு. சரக்கு ஏறுன மறுநாளே நீ போ. பத்து இல்ல, பதினஞ்சு நாள் கூட இரு. நான் பாத்துக்கறேன்." அவள் சரிங்க அக்கா என்று மெஷினுக்குத் திரும்பிப் போனாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்தீர்கள். நீங்கள் மாதா கோயிலுக்குப் போகாமல் தளத்தில் நின்றீர்கள். செல்வி தினமும் சாப்பாட்டு நேரத்தில் போனில் அம்மாவிடம் பேசுவாள். ஒன்பதாவது நாள் காலையில் அந்த அம்மா இறந்துபோனார். காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று சொன்னார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்தான் நர்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நீங்களே செல்வியை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, அவள் மெஷினில் உட்கார்ந்து தைத்தீர்கள். பன்னிரண்டாம் நாள் கடைசி அட்டைப்பெட்டியும் மூடி ஒட்டியாகிவிட்டது.

லாரி வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. பேக்கிங் தளத்தின் ஓரத்தில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியபடியே இருந்தன. மூன்றாம் நாள் நீங்கள் என் அறைக்கு வந்து, "ஏனுங்க தம்பி, வண்டி ஏன் இன்னும் வருல?" என்றீர்கள். ஏதோ பேப்பர் வேலை என்றேன். ஐந்தாம் நாள் நீங்கள் கேட்கவில்லை. ஆறாம் நாள் ஷிப்பிங் பிரிவுக்குப் போய் அங்கே கேட்டுவிட்டு, நேராக என் முன்னால் வந்து நின்றீர்கள். கதவைச் சாத்தினீர்கள்.

"எட்டு நாளுங்களா சார்?"

அந்த 'சார்' எனக்குப் புரிந்துவிட்டது. ஆமாம் என்றேன்.

"நான் உங்ககிட்டக் கேட்டனுங்களா, இல்லீங்களா?"

"கேட்டீங்கக்கா."

"அவ நின்னுட்டு இருக்கறப்பவே கேட்டேன்."

"ஆமாக்கா."

நீங்கள் கத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான், முதலாளி என்னைக் கேட்பார், டையிங் தள்ளினால் நான் என்ன செய்வேன் என்று என்னென்னவோ சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் சொல்லி முடித்ததும், "அவகிட்ட முடியாதுன்னு சொன்னது என்ற வாயி சார்" என்றீர்கள். அவ்வளவுதான்.

காரியம் முடிந்து செல்வி வேலைக்கு வந்த அன்றே அவளைக் கேன்டீனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். என் பேரைச் சொல்லவில்லை. "எட்டு நாள் மிச்சம் இருந்துச்சு, நான் சரியாக் கேட்டுத் தெரிஞ்சுக்கல" என்று உங்கள் மேலேயே போட்டுக்கொண்டீர்கள். இதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. பின்னால் செல்வியேதான் சொன்னாள். அவள் ஆறு மாதம் உங்களோடு பேசவில்லை. வேலைக்கு மட்டும் வந்தாள். நீங்கள் அவள் மெஷினைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொள்வாள். நான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீங்கள் அந்த நாட்களில் உங்களுக்கே ஒரு சமாதானம் செய்துகொண்டிருந்தீர்கள். ஒரு முறை என்னிடமும் சொன்னீர்கள். "எட்டு நாள் இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தாலும் பத்து நாள் குடுத்திருக்க மாட்டனுங்க சார். நாலோ அஞ்சோ குடுத்திருப்பேன். அவ போயிப் பாத்துட்டுத் திரும்பியிருப்பா. எப்பிடியும் ஒம்பதாவது நாள் அவ இங்கதான் இருந்திருப்பா." கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போனதற்கு மட்டுமாவது நாம் காரணம் இல்லை என்பது உங்கள் கணக்கு. நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஆர்டருக்கு, பயந்துபோய், உண்மையான தேதியையே தாளில் போட்டேன். "அக்கா, இதுல மறைச்சது ஒண்ணும் இல்ல. நெஜத் தேதி" என்றேன். "சரிங்க சார்" என்றீர்கள். நம்பவில்லை. எப்படி நம்புவீர்கள்? பொங்கலுக்குக் கம்பெனி விட்ட விடுமுறைக்கு மேல் நான்கு நாள் சேர்த்து, கேட்டவர்களை எல்லாம் ஊருக்கு அனுப்பினீர்கள். என்னிடம் எப்படியும் எட்டு நாள் இருக்கும் என்ற எண்ணம். இல்லை. சரக்கு நான்கு நாள் பிந்தியது.

முதலாளி அறையில் நின்றோம்.

"யாருங்க லீவு குடுத்தது?"

"நானுங்க" என்றீர்கள்.

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

"யாரையும் கேக்கலீங்க. தப்புத்தானுங்க."

நீங்கள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் பேசிக்கொண்டே போனார். முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கு இது கூடத் தெரியாதா என்றார், பொறுப்பை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியதுதான் என்றார். அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"சார், இதுக்கு முன்னால நான் அவங்களுக்குக் குடுத்த தேதி எதுவுமே நெஜம் இல்ல. எட்டு நாள் மறைச்சுத்தான் குடுப்பேன். அதனாலதான் இந்தத் தடவ அவங்க நம்பல. தப்பு என்னோடது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"இதப் போயிப் பெரிய ரகசியமாட்டச் சொல்றீங்களே. உங்களுக்கு நான் குடுக்கற தேதியே அஞ்சு நாள் முந்தித்தானுங்க. எப்பவும் அப்பிடித்தான். கப்பலுக்கு இன்னும் நாளிருக்குது. போயிச் சரக்க ஏத்தற வழியப் பாருங்க."

நாம் வெளியே வந்தோம். எனக்கு முதலில் வந்தது கோபம். என் பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தபோது வீட்டுக்குப் போகாமல் கிடந்த ஒரு வாரம் நினைவுக்கு வந்தது. அதுவும் ஒரு ஷிப்மென்ட் வாரம். அந்த வாரத்திலும் அவரிடம் ஐந்து நாள் இருந்திருக்கிறது. உங்களுக்கு நான் செய்தது என்ன என்று அந்த வராந்தாவில்தான் எனக்கு உடம்பில் உறைத்தது.

வண்டி நிறுத்தும் இடத்தில் நீங்கள் நின்றுவிட்டீர்கள். உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

"ஏனுங்க தம்பி. அப்ப அந்த மேகத் துணி ஆர்டருக்கு?"

மறுபடியும் தம்பி என்று கூப்பிட்டீர்கள். நான் சந்தோஷப்படக்கூடிய நேரமாக அது இல்லை.

"எட்டு இல்லக்கா. பதிமூணு."

லாரி ஏறிப் போன பெட்டிகள் தூத்துக்குடிக் குடோனில் இன்னும் ஐந்து நாள் சும்மா கிடந்திருக்கின்றன. பதிமூன்று நாள் இருப்பது தெரிந்திருந்தால், செல்வி கேட்ட பத்து நாளையும் நீங்கள் அப்படியே கொடுத்திருப்பீர்கள். ஒன்பதாவது நாள் அவள் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருப்பாள்.

நீங்கள் ஒரு ஸ்கூட்டரின் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டீர்கள். "ஆர்டர் குடுத்த வெள்ளக்காரன் எத்தன நாள் ஒளிச்சு வெச்சிருக்கறானோ" என்று சொல்லிச் சிரித்தீர்கள். சிரிப்பு பாதியில் நின்றுபோய்விட்டது.

"செல்விகிட்டச் சொல்லிரலாமாக்கா? நானே சொல்றேன்."

"வேண்டாமுங்க. எட்டுக்கே அவ ஆறு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசல. இப்பத்தான் ரெண்டு வார்த்த பேசறா. இந்த அஞ்சையும் கொண்டு போயி அவ தலையில வெக்கோணுமா? நாம வெச்சுக்கலாம்."

அதற்குப் பிறகுதான் சுவர். எல்லாரும் பார்க்கச் சுவரில் ஒட்டுவதற்கு, இரண்டு பேரும் போய் முதலாளியிடம் உண்மைத் தேதியைக் கேட்டோம். "செவத்துல போட்டா எவன் வேல செய்வான்?" என்றார். "மறைச்சு வெச்சா மட்டும் செய்யறாங்களாங்க?" என்றீர்கள். மூன்று மாதம் இழுத்து, ஒரே ஒரு ஆர்டருக்குப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். ஆறு தாள்களைச் சேர்த்து ஒட்டி, எல்லாப் பட்டைகளுக்கும் கடைசியில் ஒரு வெள்ளைப் பட்டை வைத்தேன். அதற்கு 'மிச்சம்' என்று பெயர் எழுதியது நீங்கள். டையிங் தள்ளினால் அதில் குறையும். மெஷின் நின்றால் குறையும். யாருக்காவது அவசரம் என்றால் அதிலிருந்து எடுக்கலாம். எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

அது அப்படியே அற்புதமாக நடந்துவிட்டது என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். முதல் ஆர்டரில் மிச்சம் முழுவதையும் இரண்டே வாரத்தில் தின்று தீர்த்தார்கள். நீங்கள் ஒரு திங்கட்கிழமை காலையில் மெஷின் எதுவும் ஓடாத நேரத்தில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, "இனிமே யாரு ஊட்டுல என்ன நடந்தாலும் குடுக்க எங்கிட்ட நாளில்லீங்க சாமி. பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லி இறங்கினீர்கள். மூன்றாவது ஆர்டருக்குள் கொஞ்சம் பழகிவிட்டது. பீகார்ப் பையன்கள் உள்ளே வரும்போதே சுவரைப் பார்த்து "பாக்கி கித்னா?", மிச்சம் எவ்வளவு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். சில ஆர்டர் அப்போதும் பிந்தியது. ஆனால் நீங்கள் என்னிடம் ஒரு நாள் கேட்டால், இருக்கிறது என்றோ இல்லை என்றோ நான் சொல்லும் பதில் நிஜமாக இருந்தது.

நீங்கள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் உங்கள் வீட்டுக்குத் திரும்பி, நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவர் எழவில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் போன் செய்தார். மறுநாள் பையர் இன்ஸ்பெக்ஷன், சரக்கு வாங்குகிறவர்கள் வந்து பார்க்கும் நாள். காலையில் நான் அறையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டிக்கொண்டு செல்வி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"சார், மிச்சம் மூணு நாள் இருக்குதுங்க. எல்லாரும் அக்காளைப் பாத்துட்டு வந்தர்றோமுங்க."

இன்ஸ்பெக்ஷனைத் தள்ளி வைத்தேன். கம்பெனி வேன் மூன்று நடை போனது. உங்கள் சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகும் செல்வி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில்தான், கேன்டீனுக்குப் பின்னால் நீங்கள் சொன்னதை எனக்குச் சொன்னாள். "தப்ப அவங்க மேலயே போட்டுக்கிட்டாங்க சார். எனக்கு அப்பவே தெரியும், தேதி போடறது நீங்கன்னு" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "பழசுங்க சார்" என்றாள். "எட்டு நாள்ல நான் போயிருந்தாலும் கடைசியில இருந்திருக்க மாட்டேன்னு அக்கா சொல்லுவாங்க. அதையே நெனச்சு மனசத் தேத்திக்கிட்டேன்."

எட்டு இல்லை, பதிமூன்று என்று சொல்லாமல் வேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது முதலாளியின் மகன் பார்க்கிறார். நல்ல பிள்ளைதான். புது சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு பிரிவுக்கும் அவரவர் தேதி மட்டும்தான் திரையில் தெரியும். மிச்சம் எவ்வளவு என்று அவர் ஒருவருக்கே தெரியும். ஒரு மாதம் வாதாடினேன். ஆர்டருக்கு ஆர்டர் பேசினேன், நடந்ததையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சிஸ்டமே பாத்துக்குமுங்க" என்றார். எனக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது அக்கா. வாய் ஓய்ந்துபோகிறது.

செல்வி இப்போது இரண்டாவது லைனுக்கு சூப்பர்வைசர். ஒவ்வொரு வருடமும் அவள் அம்மாவின் திதிக்கு இரண்டு நாள் லீவு எழுதிக்கொண்டு வருவாள். போன வியாழக்கிழமையும் வந்தாள். கையெழுத்துப் போட்டேன். "பாத்துப் போயிட்டு வாம்மா" என்றேன். அவள் "சரிங்க சார்" என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு போன பிறகும் பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்வதா வேண்டாமா என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியவில்லை. சொன்னால் என் பாரம் இறங்கும். அவள் தேற்றிக்கொண்டது போய்விடும். நீங்கள் இருந்தால் வேண்டாமுங்க தம்பி என்றுதான் சொல்வீர்கள்.

அந்த ஐந்து நாளை நீங்கள் இருந்தவரை ஆளுக்குப் பாதியாக வைத்திருந்தோம். இப்போது முழுவதும் என்னிடம்தான் இருக்கிறது.